மனச்சிதைவு உள்ளவருக்கு விளையாட்டே பயிற்சியாகுமா? வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் உள்ளவர்களின் வீட்டாரோடு பேசும்போது, மாத்திரை பற்றிய கேள்விகள் முடிந்ததும் பேச்சு வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: குரல் கேட்பது நின்றுவிட்டது, ஆனால் ஆள் இன்னும் பழைய ஆளாக இல்லையே, இதற்கு என்ன செய்வது? விளையாட்டை வைத்துப் பயிற்சி தரலாம் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, மீதிப் பேர் உடனே எந்த ஆப் என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்குமே பதில் கொஞ்சம் நீளம், அதனால் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

1. மனச்சிதைவுன்னா குரல் கேக்கிறது, யாரோ பின்னாடியே வர்றாங்கன்னு பயப்படுறது, அதுதானே? ஞாபகசக்திக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

குரலும் சந்தேகமும் வெளியில் தெரிகிற பகுதி. அவற்றோடு கூடவே, பல சமயம் அவற்றுக்கு முன்பே, கவனம், நினைவு, திட்டமிடுதல், கேட்டதற்குச் சட்டென்று பதில் சொல்லும் வேகம் எல்லாம் குறைய ஆரம்பித்துவிடுகின்றன. பிளஸ் டூ வரை நன்றாகப் படித்தவர் கல்லூரி இரண்டாம் வருடத்தில் அரியர் மேல் அரியர் வைத்தார், குரல் கேட்டது அதற்கு அப்புறம்தான் என்று பல வீடுகளில் சொல்வார்கள். ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்லின் 1890-களில் இந்த நோயை விவரித்தபோதே அறிவுத்திறன் குறைவதை அதன் மையத்தில் வைத்தார். பின்னால் 1950-களில் மருந்துகள் வந்து குரல்களை அடக்க முடிந்ததும், இந்தப் பகுதி ரொம்ப காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

அமெரிக்காவில் நிபுணர்கள் கூடி, இந்த நோயில் பாதிக்கப்படும் திறன்களை ஏழாகப் பிரித்திருக்கிறார்கள்: யோசிக்கும் வேகம், கவனம், காதில் விழுந்ததைச் சற்று நேரம் மனதில் பிடித்துக்கொண்டே வேலை செய்வது, கேட்டதைக் கற்பது, பார்த்ததைக் கற்பது, சிக்கலை அவிழ்ப்பது, அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது. ஒருவர் திரும்ப வேலைக்குப் போவாரா, தனியாகச் சமாளிப்பாரா என்பதைக் குரல்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதைவிட இந்தத் திறன்கள்தான் நன்றாகச் சொல்கின்றன என்று மைக்கேல் கிரீன் 1996-ல் எழுதிய ஆய்வுத் தொகுப்புக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் இந்தப் பக்கம் திரும்பியது.

2. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறான், குரலும் நின்னுபோச்சு. ஆனா கடைக்கு அனுப்பினா மூணு சாமான்ல ஒண்ணை மறந்துட்டு வந்து நிக்கிறான். சோம்பேறித்தனம்தானே இது?

இல்லை. இந்த ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டாலே பாதி சண்டை குறையும் என்று உறுதியாக நம்புகிறேன். கடைக்குப் போவதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள்: மூன்று பெயர்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், வழியில் வண்டி பார்த்துச் சாலையைக் கடக்க வேண்டும், கடைக்காரர் “அரைக் கிலோவா ஒரு கிலோவா” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் மற்ற இரண்டும் நழுவாமல் இருக்க வேண்டும், மீதிச் சில்லறையை எண்ண வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன ஏழில் நாலைந்து ஒரே நேரத்தில் வேண்டியிருக்கிறது.

மாத்திரைகள் குரலையும் சந்தேகத்தையும் குறைப்பதில் கெட்டி, ஆனால் இந்தத் திறன்களில் அவற்றின் பலன் மிகக் குறைவு. இதற்கென்றே தனி மருந்து கண்டுபிடிக்கப் பெரிய முயற்சிகள் நடந்தன. அப்படி எதிர்பார்க்கப்பட்ட ஐக்லெபெர்டின் என்ற மருந்து கடைசிக் கட்டச் சோதனையில் பலன் தரவில்லை என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆக இன்றைக்கு நம் கையில் இருப்பது பயிற்சிதான்.

3. விளையாடினா எப்படி மூளை சரியாகும்? டைம் பாஸுக்கு ஆடுறதுதானே?

கை முறிந்து கட்டுப் பிரித்த பிறகு பிசியோதெரபியில் ஒரு பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்வார்கள். பந்து அழுத்துவதில் தேர்ச்சி பெற்று என்ன ஆகப்போகிறது, நாளைக்குக் குடத்தைத் தூக்கத்தான் அது. இங்கேயும் அப்படியே. பலவீனமான ஒரு திறனை எடுத்துக்கொண்டு, எளிதாக ஆரம்பித்து, திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, செய்தது சரியா தவறா என்று உடனே தெரியவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்குவதுதான் அறிவாற்றல் பயிற்சி. விளையாட்டில் இவை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. விதி இருக்கிறது, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், நகர்த்தியதன் விளைவு அப்போதே தெரிகிறது, அடுத்த ஆட்டம் ஆடத் தோன்றுகிறது.

நியூயார்க்கில் அலிஸ் மெடாலியா உருவாக்கிய முறையில், பள்ளிப் பிள்ளைகளுக்கான கல்வி விளையாட்டு மென்பொருள்களையே எடுத்து நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் ஆட்டத்தோடு நிறுத்தவில்லை. ஆடி முடித்ததும் குழுவாக உட்கார்ந்து, இன்றைக்கு எந்தத் திறனைப் பயன்படுத்தினோம், அது வீட்டில் எங்கே உதவும் என்று பேசுவார்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்தக் கடைசி விஷயத்தில்தான் இருக்கிறது.

4. இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா, இல்ல நம்பிக்கைல சொல்றீங்களா?

ஆதாரம் இருக்கிறது, அளவோடு சொல்ல வேண்டிய ஆதாரம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் டில் வைக்ஸும் அவரது குழுவினரும் 2011-ல் 40 ஆய்வுகளை, ஏறக்குறைய 2,100 பேரின் முடிவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நினைவும் கவனமும் நடுத்தர அளவில் முன்னேறின, பயிற்சி முடிந்து சில மாதங்கள் கழித்தும் அந்த முன்னேற்றம் இருந்தது. குரல், சந்தேகம் போன்றவற்றில் கிடைத்த சிறு பலன் மட்டும் தங்கவில்லை. 2021-ல் இத்தாலியின் ஆன்டோனியோ வீட்டா தலைமையில் 130 ஆய்வுகளை, 8,851 பேரை, எடுத்துப் பார்த்தபோது பலனின் அளவு இன்னும் கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது, ஆனால் பலன் இருப்பது உறுதியாயிற்று. எப்போது அதிகம் பலித்தது என்பதையும் அவர்கள் பார்த்தார்கள்: பயிற்சி தருபவர் கூடவே இருந்து வழிகாட்டியபோது, யோசிக்கும் உத்திகளைச் சொல்லிக்கொடுத்தபோது, வேலை, வீடு என்று மறுவாழ்வுப் பயிற்சியோடு சேர்த்துச் செய்தபோது.

விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆய்வுகள் சிறியவை. பிரான்ஸில் 26 நோயாளிகளில் ஒரு பகுதியினர் ஐந்து வாரங்களில் பத்து மணி நேரம் செஸ் ஆடினார்கள், திட்டமிடும் திறனைச் சோதிக்கும் தேர்வுகளில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்று 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. கேம்பிரிட்ஜில் பார்பரா சஹாகியன் குழு, எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று நினைவு வைத்து ஆடும் ஒரு ஐபேட் விளையாட்டை நோயாளிகளையே கலந்துகொண்டு வடிவமைத்தது. 2015-ல் வெளியான அந்த ஆய்வில் 22 பேர் பங்கெடுத்தார்கள், விளையாடியவர்கள் நான்கு வாரங்களில் எட்டு மணி நேரம்தான் ஆடினார்கள், இடங்களை நினைவு வைப்பதில் அவர்கள் செய்யும் தவறுகள் குறைந்தன. எண்ணிக்கை சிறியது என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும்.

5. அப்போ ஃபோன்ல கேண்டி கிரஷ் ஆடவிட்டா போதுமா? இல்ல மூளைப் பயிற்சி ஆப் ஏதாவது காசு கட்டி வாங்கணுமா?

வெறுமனே ஆடவிட்டால் போதாது. அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குழுவுக்கு ஒலிகளைக் கூர்ந்து கேட்டுப் பிரித்தறியும் கணினிப் பயிற்சி 50 மணி நேரம் கொடுத்தார்கள். ஒப்பிடுவதற்காக இன்னொரு குழுவைச் சாதாரணக் கணினி விளையாட்டுகள் ஆடவிட்டார்கள், அதுவும் 50 மணி நேரம். கேட்டதை நினைவு வைக்கும் திறனில் முதல் குழுதான் தெளிவாக முன்னேறியது. விளையாட்டு என்று பெயர் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை.

ஆப் விஷயத்தில் விளம்பரத்தை நம்பாதீர்கள். ஆதாரம் இல்லாமல் பெரிய பலன்களைச் சொன்னதற்காக, மூளைப் பயிற்சி ஆப் விற்கும் லூமோசிட்டி நிறுவனம் 2016-ல் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்றுக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதே நாட்டில் 2020-ல் அரசு அனுமதி பெற்ற எண்டெவர்ஆர்எக்ஸ் என்ற விளையாட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அது கவனக்குறைவு உள்ள குழந்தைகளுக்கானது, இந்த நோய்க்கு இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாதாரண ஞாபக விளையாட்டை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடவைப்பது, ஆயிரக்கணக்கில் சந்தா கட்டிய ஆப்பை அவர் தனியாக ஆடுவதைவிட மேல் என்பது என் கருத்து.

6. ஏற்கெனவே ராத்திரி பூரா ஃபோன்லதான் கிடக்கிறான். நீங்க வேற கேம் ஆடச் சொல்றீங்களே?

இரண்டும் வேறு. கதவைச் சாத்திக்கொண்டு விடியவிடிய ஆடுவது தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் நோய் திரும்பும் ஆபத்து உண்டு. நான் சொல்வது பகலில், கூடத்தில், இன்னொருவரோடு, நேரம் குறித்து ஆடுவது. ஃபோன் இல்லாமலே செய்யலாம், சொல்லப்போனால் வீட்டில் ஆரம்பிக்க அதுதான் நல்லது. அவர் ஏற்கெனவே விரும்பி ஆடும் கேம் இருந்தால் அதைப் பிடுங்காமல், அதைப் பற்றி அவர் உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். விதிகளை வரிசையாக எடுத்துச் சொல்வதே நல்ல பயிற்சி.

7. சரி, வீட்ல என்னென்ன ஆடலாம்? லிஸ்ட் மாதிரி சொல்லுங்க.

திறனைப் பார்த்து விளையாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவனம் நிற்காதவருக்கு வாரப் பத்திரிகையில் வரும் ஆறு வித்தியாசங்கள் அருமையான தொடக்கம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், எதிராளி கிடையாது. மனதில் பிடித்து வைப்பதற்கு, சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து ஜோடி கண்டுபிடிப்பது, அல்லது “சந்தைக்குப் போனேன், கத்தரிக்காய் வாங்கினேன்” என்று ஆளுக்கொரு பொருள் சேர்த்துக்கொண்டே போகும் ஆட்டம். சொற்கள் சட்டென்று வராதவருக்குப் பாட்டுக்குப் பாட்டு, இல்லையென்றால் ஓர் எழுத்தைச் சொல்லி ஊர், பேர், பூ, பழம் எழுதும் ஆட்டம். பாட்டுக்குப் பாட்டில் இன்னொரு நன்மை, வாயே திறக்காதவர்கூடப் பழைய பாட்டு என்றால் பல்லவியை முடித்துவிடுவார்.

திட்டமிடுவதற்கு ஆடுபுலி ஆட்டத்தை நான் ரொம்பவும் நம்புகிறேன். மூன்று புலி, பதினைந்து ஆடு, ஆடு வைத்திருப்பவர் வெட்டுப்படாமல் புலியை அடைக்க வேண்டும். இரண்டு நகர்வு முன்னால் யோசிக்காமல் அதில் ஒன்றும் நடக்காது. பல்லாங்குழியில் எண்ணிக்கொண்டே, இந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. செஸ் தெரிந்தவருக்கு செஸ். இவை எதற்கும் தயாராக இல்லாதவரோடு தாயமோ பரமபதமோ ஆடுங்கள். அதிர்ஷ்டம்தான் ஜெயிக்கவைக்கிறது என்பதால் தோற்றாலும் யார் மேலும் குற்றமில்லை, ஆனால் முறை பார்ப்பதும் கட்டம் எண்ணுவதும் பழகும். வேகமும் கைப்பழக்கமும் வேண்டுமென்றால் கேரம்.

ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். இரண்டைத் தேர்ந்தெடுங்கள், தேர்வு அவருடையதாக இருக்கட்டும். ஏன் என்று ஒன்பதாவது கேள்வியில் வருகிறது.

8. எவ்வளவு நேரம், எத்தனை நாள் ஆடணும்?

மையங்களில் வழக்கமாக வாரம் இரண்டு மூன்று முறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், மொத்தம் 20 முதல் 40 மணி நேரம் வரை போகும். வீட்டில் அவ்வளவு நீளமாக உட்காரவைப்பது கடினம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஒரே நேரத்தில், வாரம் நாலைந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் ஷாந்தலா ஹெக்டே குழு, புதிதாக நோய் வந்தவர்களுக்கு வீட்டிலேயே இரண்டு மாதம் இப்படிப்பட்ட பயிற்சி கொடுத்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டது. கணினி தேவைப்படாத எளிய பயிற்சிகள்தான், வீட்டார் உதவினார்கள், கவனத்திலும் திட்டமிடுவதிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆக வீட்டில் முடியாது என்று இல்லை. ஒரு வாரம் ஆடிவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

9. கூப்பிட்டா வரவே மாட்டேங்கிறா. எதிலயும் ஆசையே இல்லை. எப்படி உக்கார வைக்கிறது?

ஆசை வராமல் போவதும் நோயின் பகுதிதான், பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதில் மெடாலியாவும் ஜிமி சோயும் செய்த 2010 ஆய்வு உதவும். ஒரே கணக்குப் பாடத்தை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று சும்மா கணக்கு. இன்னொன்றில் கதை இருந்தது, ஆடுபவரின் பெயர் வந்தது, சின்னச் சின்ன விஷயங்களை அவரே தேர்ந்தெடுக்க முடிந்தது. இரண்டாவது விதத்தில் படித்தவர்கள் அதிகம் கற்றார்கள், அதிக ஆர்வமும் காட்டினார்கள். ஆசை முதலில் வந்து அப்புறம்தான் ஆட வேண்டும் என்று இல்லை, ஆட்டத்தை அமைக்கும் விதத்தில் ஆசையை வரவழைக்க முடியும்.

அதனால் “வா ஆடலாம்” என்பதற்குப் பதில் “தாயமா சீட்டா, நீயே சொல்லு” என்று கேளுங்கள். காயின் நிறம், யார் முதலில், எங்கே உட்காருவது எல்லாம் அவள் விருப்பம். முதலில் நீங்களும் வீட்டில் இன்னொருவரும் அவள் கண்ணில் படுகிற இடத்தில் ஆடுங்கள், வந்து பார்த்துக்கொண்டு நின்றாலே அன்றைக்குப் போதும். பரிசாகக் காசு, சாக்லேட் என்று ஆரம்பித்தால் அது நிற்கும் நாளில் ஆட்டமும் நின்றுவிடும், அதை நான் விரும்புவதில்லை.

10. தோத்தா கோபம் வருது, பலகையைத் தள்ளிவிட்டுட்டு போயிடுறான்.

ஆட்டம் அவருக்குக் கடினமாக இருக்கிறது என்று பொருள். பத்துத் தடவையில் ஏழெட்டுத் தடவை சரியாக வரும் அளவுக்கு எளிதாக்குங்கள், பதினாறு சீட்டுக்குப் பதில் ஆறு சீட்டு. வருடக்கணக்காகத் தோல்வியையே பார்த்தவருக்கு முதல் சில வாரங்கள் வெற்றி வேண்டும். இருவரும் ஒரே பக்கம் இருந்து ஆடும் ஆட்டங்களும் நல்லது, ஜிக்சா புதிர் சேர்ப்பது அப்படி ஒன்று.

இன்னொன்று, கூட ஆடுகிறவர் யார் என்று பாருங்கள். “இதுகூடத் தெரியலையா” என்ற ஒரு சொல் வந்தால் அது விளையாட்டு இல்லை, பரீட்சை. குற்றம் கண்டுபிடிக்கும் பேச்சு அதிகம் இருக்கும் வீடுகளில் நோய் அதிகம் திரும்புகிறது என்பது ஜார்ஜ் பிரவுன் லண்டனில் செய்த ஆய்வுகளிலிருந்து பல நாடுகளில் உறுதியான விஷயம். அப்பாவுக்குப் பொறுமை இல்லையென்றால் அவர் ஆட வேண்டாம், சித்தியோ பக்கத்து வீட்டுத் தம்பியோ ஆடட்டும்.

11. எங்க அக்காவுக்கு நாப்பத்தெட்டு வயசு, அஞ்சாவதோட படிப்பை நிறுத்திட்டாங்க. இனிமே இதெல்லாம் ஏறுமா?

ஏறும். நாலாவது கேள்வியில் சொன்ன 2021 தொகுப்பாய்வில் மனதுக்கு நிறைவான ஒரு செய்தி இருக்கிறது: படித்த வருடங்கள் குறைவாக உள்ளவர்களும் நோய் அறிகுறிகள் அதிகம் உள்ளவர்களும் இந்தப் பயிற்சியில் கூடுதலாகப் பலன் அடைந்தார்கள். படிக்காதவருக்கு இது எதற்கு என்று ஒதுக்குவது தவறு. எழுத்து வேண்டாத ஆட்டங்களாக எடுங்கள், அவ்வளவுதான். சிறு வயதில் சோழி போட்டு ஆடிய கை அதை மறப்பதில்லை.

12. மாத்திரையாலதான் மறதி வருதுன்னு சொல்றாங்களே, நிஜமா? கையும் நடுங்குது, எப்படி ஆடுறது?

கொஞ்சம் நிஜம். நோயே மறதியைத் தருகிறது என்பதை முதல் கேள்வியில் பார்த்தோம். அதோடு, கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிபெனிடில், அதாவது பாசிடேன் (Pacitane) என்று பலரும் சொல்கிற மாத்திரை, நினைவை மந்தமாக்கக் கூடியது. இந்த வகை மருந்துத் தாக்கம் அதிகம் உள்ளவர்களுக்குப் பயிற்சியின் பலனும் குறைகிறது என்று சோஃபியா வினோகிராடோவ் குழு 2009-ல் காட்டியது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் “இந்த மாத்திரை இன்னும் தேவைப்படுகிறதா, அளவைக் குறைக்க முடியுமா” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

நடுக்கம் இருப்பவருக்குக் கேரமும் ஃபோன் திரையும் எரிச்சல் தரும். பெரிய காய்கள், கெட்டியான அட்டைகள் வைத்து ஆடுங்கள். மங்கலாகத் தெரிகிறது என்றால் கண்ணையும் மாத்திரையையும் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள். காலையில் மாத்திரை மயக்கம் இருந்தால் சாயங்காலம் ஆடுங்கள்.

13. துப்பாக்கிச் சண்டை கேம், ஆன்லைன் ரம்மி இதெல்லாம் ஆடலாமா?

பணம் வைத்து ஆடும் எதுவும் வேண்டாம். நிதானமாக முடிவெடுக்கும் திறனே அடிபட்டிருக்கும் ஒருவரை அதில் விடுவது அவரைப் பறிகொடுப்பதற்குச் சமம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025-ல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்திருக்கிறது. வீட்டில் புளியங்கொட்டை வைத்து ரம்மி ஆடுங்கள், வரிசை சேர்ப்பதும் எதிராளி எடுத்ததை நினைவு வைப்பதும் நல்ல பயிற்சி.

சண்டை கேம்களை எல்லோருக்கும் பொதுவாகத் தடுக்க மாட்டேன். ஆனால் யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம் இன்னும் இருப்பவருக்கு, ஒளிந்திருந்து சுடும் ஆட்டமும், ஹெட்ஃபோனில் முகம் தெரியாதவர்கள் கத்துவதும் ஒத்துவராது. ஆடிய பிறகு பதற்றம் கூடுகிறதா, அதே பேச்சாக இருக்கிறாரா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

14. மூணு மாசமா ஆடுறான், ஆட்டத்துல என்னையே ஜெயிக்கிறான். ஆனா வீட்டு வேலைல ஒரு மாற்றமும் இல்லையே?

நான் அதிகம் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. ஓர் ஆட்டத்தில் தேறினால் அந்த ஆட்டமும் அதைப் போன்றவையும் நன்றாக வரும், அது தானாகச் சமையலறைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்து வராது. நாம்தான் கொண்டுவர வேண்டும். மூன்றாவது கேள்வியில் சொன்ன, ஆட்டம் முடிந்ததும் பேசும் பேச்சு இதற்குத்தான்.

செய்முறை இப்படி. ஆடும்போதே “எப்படி ஞாபகம் வச்சுக்கிட்ட?” என்று கேளுங்கள். “பழம் எல்லாம் ஒரு பக்கம்னு நினைச்சுக்கிட்டேன்” என்பார். அதுதான் உத்தி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள், “கூட்டம் சேர்க்கிறது” என்றோ எதுவோ. அன்றைக்கே அல்லது மறுநாளே அதே உத்திக்கு வீட்டில் ஒரு வேலை கொடுங்கள்: காய்கறி மூன்று, மளிகை இரண்டு, கூட்டம் சேர்த்து வாங்கி வா. மறந்துவிடுமோ என்று பயந்தால் கையில் சீட்டு எழுதிக்கொள்வதும் உத்திதான், அதை ஏமாற்று வேலை என்று சொல்லாதீர்கள். ஆடுபுலியில் “நான் இங்கே வைத்தால் நீ எங்கே வருவாய்” என்று வாய்விட்டு யோசித்தவரோடு, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளை அதே மாதிரி வாய்விட்டுத் திட்டமிடுங்கள்: எத்தனை மணிக்கு டோக்கன், எந்த பஸ், எங்கே மாற வேண்டும், பஸ் வராவிட்டால் என்ன செய்வது. அப்புறம் அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள்.

சூசன் மெக்கர்க் அமெரிக்காவில் இதை வேலையோடு சேர்த்துச் செய்து பார்த்தார். வேலை தேடித்தரும் திட்டத்தில் இருந்தவர்களில் கணினிப் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்கள், பயிற்சி இல்லாதவர்களைவிட அதிகம் வேலைக்குப் போனார்கள், அதிகம் சம்பாதித்தார்கள். லண்டனில் வைக்ஸும் கிளேர் ரீடரும் உருவாக்கிய சர்க்யூட்ஸ் என்ற கணினித் திட்டத்திலும், கடைக்குப் போவது, சமைப்பது போன்ற அன்றாட வேலைகளே பயிற்சியாக வருகின்றன.

15. யாரைப் பார்த்தாலும் தன்னைத்தான் பேசுறாங்கன்னு நினைக்கிறா. அதுக்கும் விளையாட்டு இருக்கா?

இருக்கிறது. ஜெனீவாவில் யாசர் கசால் உருவாக்கிய மைக்கேல்ஸ் கேம் என்ற அட்டை விளையாட்டில், மைக்கேல் என்ற கற்பனை மனிதர் ஏதோ ஒன்றைப் பார்த்து அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வருவார். ஆடுபவர்கள், வேறு என்ன காரணங்கள் இருக்கலாம் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஹாம்பர்க்கில் ஸ்டெஃபன் மோரிட்ஸ் உருவாக்கிய மெட்டாகாக்னிட்டிவ் பயிற்சியும் இதே வழிதான்: போதுமான தகவல் இல்லாமல் முடிவுக்குத் தாவும் பழக்கத்தைப் படங்களையும் புதிர்களையும் காட்டி உணரவைப்பது.

வீட்டில் இதன் எளிய வடிவம், பத்திரிகைப் படம் ஒன்றை வைத்து “இவர் ஏன் சிரிக்கிறார்?” என்று மூன்று காரணம் சொல்வது. படத்தில் இருப்பவரைப் பற்றி ஆடுங்கள், அவளுடைய சொந்தச் சந்தேகத்தை அட்டையாக்கி வாதாடாதீர்கள், அதைப் பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

16. தலையில கண்ணாடி மாட்டி விஆர்ல சிகிச்சை, ராக்கெட் கேம் ஆடி குரலை நிறுத்துறாங்கன்னு செய்தி பார்த்தோம். இங்க கிடைக்குமா?

ஆக்ஸ்ஃபோர்டில் டேனியல் ஃப்ரீமன் குழு செய்த கேம்சேஞ்ச் என்ற விஆர் திட்டத்தை 346 பேரிடம் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். வெளியே போகவே பயப்படுகிறவர்கள் கண்ணாடிக்குள் தெரியும் பஸ், கடை, காப்பிக்கடை, டாக்டரின் காத்திருப்பு அறை ஆகியவற்றில் பழகுகிறார்கள். பயம் குறைந்தது, ரொம்பவும் முடங்கிப்போனவர்களுக்குத்தான் அதிகப் பலன். ராக்கெட் விளையாட்டு லண்டனில் 2018-ல் 12 பேரிடம் செய்த தொடக்க முயற்சி. ஸ்கேன் கருவிக்குள் படுத்துக்கொண்டு, பேச்சொலிக்குத் தூண்டப்படும் மூளைப்பகுதியின் செயல்பாட்டைக் குறைத்து ராக்கெட்டை இறக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு, அதை வைத்து ஊர் ஊராக அலைய வேண்டாம். விஆர் இல்லாமலே முதல் நாள் தெருமுனை, அப்புறம் பெட்டிக்கடை, அப்புறம் ஒரு ஸ்டாப் பஸ் என்று கூடப் போய்ப் பழக்கலாம்.

17. நல்லா முன்னேறிட்டா மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. விளையாட்டு மருந்தின் வேலையைச் செய்யாது, மருந்து விளையாட்டின் வேலையைச் செய்யாது. மாத்திரையைத் தானாக நிறுத்தி நோய் திரும்பினால், சேர்த்து வைத்த முன்னேற்றமும் போய்விடும். அளவைக் குறைப்பது டாக்டரோடு பேசி மட்டும்.

மாத்திரையும் ஆட்டமும் தவிர மூன்றாவதாக ஒன்றைச் சேருங்கள்: வேகமான நடை. ஜோசஃப் ஃபர்த் 2017-ல் பத்து ஆய்வுகளைத் தொகுத்து, மூச்சு வாங்கும் உடற்பயிற்சியும் இந்த நோயில் அறிவுத்திறன்களை முன்னேற்றுகிறது என்று காட்டினார். காசில்லாத விஷயம், மாத்திரையால் ஏறும் எடைக்கும் நல்லது.

18. எப்போ ஆட்டத்தை நிறுத்தணும்?

தூக்கம் இரண்டு மூன்று நாளாகக் குறைந்தால், தனியாகப் பேசிக்கொள்வது கூடினால், ஆட்டத்தில் வரும் சீட்டோ எண்ணோ தனக்குச் செய்தி சொல்கிறது என்று சொன்னால், நீங்கள் ஏமாற்றுகிறீர்கள் என்ற சந்தேகம் விளையாட்டைத் தாண்டிப் போனால், பலகையை எடுத்து வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். சாகவேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே பாருங்கள். நிலைமை அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து இல்லாமல் இரண்டு படி கீழிருந்து ஆரம்பியுங்கள்.

19. தமிழ்நாட்டுல இதுக்கு எங்க போறது?

சென்னையில் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் இந்த நோய்க்கென்றே இருக்கும் அமைப்பு, பகல்நேர மறுவாழ்வுப் பிரிவும் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் தொழிற்பயிற்சிப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர். பக்கத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

போகும் இடத்தில் “மாத்திரை மட்டும்தானா, நினைவுக்கும் கவனத்துக்கும் பயிற்சி தருவீர்களா, தொழில்வழிச் சிகிச்சையாளரோ மனநல உளவியலாளரோ இருக்கிறாரா” என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், வீட்டில் நீங்கள் என்ன ஆடுகிறீர்கள், அதில் எது வருகிறது, எது வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போய்க் காட்டுங்கள். நாலு வரி எழுதியிருந்தாலும் டாக்டருக்கு அது உதவும், மாத்திரை அளவை முடிவு செய்யவும்கூட.